நெல்மணிக் கொக்கி

என் தையல் மிஷினின் இழுப்பறையில் ஒரு பித்தளைக் கொக்கி கிடக்கிறது. சுண்டுவிரல் நுனியளவுதான். நெல்மணி போல முனை கூர்ந்து, மேலே உமியின் கோடுகள் ஓடும். அதன் வளையத்துக்குள் வைத்து அழுத்தினால் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காக லாத்தா நாச்சியார்கோயில் பட்டறைக்கு நடையாய் நடந்தார். குத்துவிளக்கு வார்க்கிறவரிடம் போய்ப் பைக்குக் கொக்கி கேட்டால் அவர் என்ன செய்வார்? முதலில் சிரித்தார், பிறகு கோபப்பட்டார், கடைசியில் இந்த அம்மாவிடமிருந்து தப்பித்தால் போதும் என்று சரியாகவே வார்த்துக் கொடுத்துவிட்டார். “பைய மூடுனா, மூடிட்டேன்னு அது சொல்லணும்” என்பார் லாத்தா.

லாத்தா என்றால் நாகூர் முஸ்லிம் வீடுகளில் அக்கா. எனக்கும் அவருக்கும் ரத்த உறவு ஏதும் கிடையாது. நான் கடைமடைக் கிராமம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டவள். ஆற்றில் தண்ணீர் வராமல் குறுவை போய், சம்பாவும் தடுமாறிக்கொண்டிருந்த காலத்தில், தைக்கத் தெரியும் என்ற ஒரே தகுதியோடு அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். “ஊரு பேரெல்லாம் கெடக்கட்டும், நேரா தைப்பியா?” என்றுதான் கேட்டார். கோணலாகத் தைத்தால் திட்டிப் பிரிக்கச் சொல்வார், பிரித்து முடித்ததும் டீ கொடுப்பார். திட்டு வாங்கினால்தான் டீ என்று நாங்கள் கேலி பேசிக்கொள்வோம்.

கொள்ளிடக்கரையில் நெய்யும் கோரைப்பாயை அளவாக வெட்டி, உள்ளே திருபுவனத்துத் தறிகளில் மிஞ்சும் பட்டுத் துண்டை வைத்துத் தைத்து, வாயில் அந்தக் கொக்கியைப் பொருத்தினால் லாத்தாவின் கைப்பை தயார். தோள்பை, பர்ஸ், செல்போன் பை என்று எதுவானாலும் அதே கொக்கிதான். உள்ளூரில் ஒருத்தரும் வாங்கவில்லை. “பாயத் தோள்ல மாட்டிக்கிட்டு எங்க போறது, படுக்கவா?” என்று என் நாத்தனாரே கேட்டாள். லாத்தா அசரவில்லை. வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, இரண்டு கையிலும் மூட்டைகளோடு பஸ் ஏறிச் சென்னைக்குப் போய்க் கடை கடையாகக் காட்டினார். ஜீன்ஸ் போட்ட பெண்ணொருத்தி நாங்கள் தைத்த பையை மாட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்ததைப் பார்த்துவிட்டு வந்து, ஒரு வாரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு கடைக்காரர்களே ‘அந்த நெல்மணிப் பை’ என்று கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள்.

அவர் வீட்டுக்காரர் சவுதியில் இருந்தார். கல்யாணமானதிலிருந்து விடுமுறைக்கு வந்து போகும் விருந்தாளி. முதல் மிஷின்கள் அவர் அனுப்பிய காசில் வந்தவை. வெளிநாட்டு ஆர்டர் ஒன்று நிலையாகக் கிடைத்துவிட்டால் அவரை ஊருக்கே வரச் சொல்லிவிடலாம் என்பதுதான் லாத்தாவின் கனவு. “அனுப்புனது போதும், இனிமே நீங்களே வாங்கன்னு சொல்லப்போறேன்” என்றார் ஒருநாள், வெட்கத்தோடு. அப்போது வெளிநாட்டு வியாபாரிகள் கைவேலைப் பொருள்களைத் தேடி ஊர் ஊராக வரத் தொடங்கியிருந்தார்கள். பைகளைச் சென்னைக் கடையில் பார்த்த ஜெர்மனிக்காரர் ஒருவர், செய்யும் இடத்தை நேரில் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்.

அவர் வருவதற்கு முன்பே சவுதியிலிருந்து செய்தி வந்துவிட்டது. தூக்கத்திலேயே மாரடைப்பாம். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். லாத்தா முகம்கூடப் பார்க்கவில்லை. இத்தாவில் உட்கார்ந்தார். கணவனை இழந்த பெண் சில மாதங்கள் வீட்டைவிட்டு வெளியே போகாமல், அன்னிய ஆண்கள் முன் வராமல் இருக்கும் காலம் அது. அப்படி ஒதுங்கி அழ ஓர் இடம் அப்போது அவருக்குத் தேவைப்பட்டது. அந்த வழக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். குறை சொல்ல எனக்கு வேறு ஆள் இருக்கிறான்.

அவன் அவருடைய கொழுந்தன். துபாயில் வேலை போய்த் திரும்பி வந்து சும்மா இருந்தவன். அந்த வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். வெளிநாட்டுக்காரரிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னான், லாத்தாவும் நம்பிச் சரியென்றார். வந்தவரும் அவனும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். திரைக்கு இந்தப் பக்கம் உள்ளறையில் லாத்தாவும் நானும். எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் ‘மை டிசைன்’, ‘மை கம்பெனி’ என்பதெல்லாம் புரிய என்ன படிப்பு வேண்டும்? லாத்தாவின் மடியில் ஒரு பை இருந்தது. கொக்கியை மூடினார். டக். திறந்து மறுபடியும் மூடினார். டக். கூடத்தில் பேச்சு நின்றது. வந்தவர் ஏதோ கேட்டார். கொழுந்தன் சிரித்துக்கொண்டே “சில்ட்ரன், சில்ட்ரன்” என்றான். அந்த வீட்டில் குழந்தையே கிடையாது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டீத் தட்டோடு திரையைத் தள்ளிக்கொண்டு வெளியே போனேன். “சார், இதெல்லாம் லாத்தா செஞ்சது. உள்ளதான் இருக்காங்க. கொக்கிலேர்ந்து நூல் வரைக்கும் அவங்க பாத்துப் பாத்து செஞ்சது” என்று வந்தவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். அவர் கொழுந்தன் பக்கம் திரும்பினார். அவன் நிதானமாக ஏதோ மொழிபெயர்த்தான். உடனே அந்த மனிதர் எழுந்து நின்று, இரண்டு கைகளையும் கூப்பி எனக்கு நன்றி சொன்னார். நான் சொன்னது போய்ச் சேர்ந்திருந்தால் அவர் அந்தத் திரையைப் பார்த்துக் கும்பிட்டிருப்பார். அவன் என்ன சொன்னான் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

லாத்தா இத்தா முடிந்து வெளியே வந்தபோது மிஷின்கள் திருவாரூர் ரோட்டில் ஒரு வாடகைக் கட்டடத்துக்குப் போயிருந்தன. கம்பெனி, ஆர்டர், கொக்கியின் வடிவம் எல்லாம் கொழுந்தன் பெயரில். கேட்டபோது அவன் குரலைக்கூட உயர்த்தவில்லை. “நானா காசுலதானே ஆரம்பிச்சீங்க. அவங்க எனக்கும் நானாதானே” என்றான். அவர்கள் பேச்சில் நானா என்றால் அண்ணன். பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். மாதச் செலவுக்குக் கொடுப்பதாக அவன் ஒப்புக்கொண்டதும், அப்புறம் என்ன என்று எழுந்துவிட்டார்கள். “எனக்கு ஒண்ணும் தரவேணாம். நான் செஞ்சதுன்னு ஒருதடவ சொல்லச் சொல்லுங்க” என்று லாத்தா கதவோரம் நின்று சொன்னது அவர்கள் செருப்பு மாட்டும் சத்தத்தில் போய்விட்டது.

கொழுந்தன் என்னையும் கம்பெனிக்குக் கூப்பிட்டான். நான் போகவில்லை. வெறும் வீம்புதான். வீம்பை உலையில் போடுவியா என்று என் வீட்டுக்காரர் கத்தியதும் நியாயம்தான். லாத்தா அவன் காசைத் தொடவில்லை, சேலைகளுக்கு ஃபால்ஸ் தைத்துப் பிழைத்தார். யார் கோணலாகத் தைத்தாலும் அதன்பிறகு திட்டுவதில்லை. கதவைக்கூடச் சத்தம் வராமல் சாத்தப் பழகிவிட்டார். படுக்கையில் விழுந்த பிறகு ஒருநாள் இந்தக் கொக்கியை என் உள்ளங்கையில் வைத்து மூடினார். அதற்குப் பிறகு அதிக நாள் இருக்கவில்லை. நாகூரில் அவரைப் பற்றிப் பேச இன்று பெரிதாக யாரும் இல்லை.

போன மாதம் மகளோடு தஞ்சாவூரில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். கண்ணாடி அலமாரியில் கோரைப் பைகள் வரிசையாக இருந்தன. விலை அட்டையில் கொழுந்தனின் படம், தாடி நரைத்து, பார்க்க நல்ல மனிதனாக இருந்தான். கீழே ‘எங்கள் குடும்பத்தின் கைவண்ணம்’ என்று அச்சடித்திருந்தது. ஒரு பையை எடுத்து நெல்மணியை அழுத்தினேன். ஒன்றும் கேட்கவில்லை. மறுபடியும் அழுத்தினேன்.

“மேக்னட்டும்மா” என்றாள் கடைப்பெண். “பழைய மாடல்ல சத்தம் வருதுன்னு சொன்னாங்களாம். அதான் வராத மாதிரி மாத்திட்டாங்க.”

வீட்டுக்கு வந்து சேலைகூட மாற்றாமல் இழுப்பறையைத் திறந்தேன். கொக்கியை வளையத்தில் வைத்து அழுத்தினேன். டக்.

“என்னம்மா சத்தம்?” என்று சமையலறையிலிருந்து மகள் கேட்டாள்.

“லாத்தாடி” என்றேன்.