டைனமோ தாங்காத விளக்குகள்

என் கணவர் தம் மோட்டார் சைக்கிளில் கூடுதலாக இரண்டு விளக்குகளை மாட்டினார். பள்ளியில் அறிவியல் நடத்துகிறவள் நான். "இம்புட்டு விளக்குக்கு டைனமோ தாங்குமான்னு விசாரிச்சீங்களா?" என்று கேட்டேன்.

"பாடத்தைப் பிள்ளைகளுக்கு எடு. எனக்கு எடுக்காதே" என்றார்.

சின்னாளப்பட்டியில் சேலை எடுத்துக்கொண்டு திண்டுக்கல் திரும்பும்போது இருட்டிவிட்டது. எல்லா விளக்குகளையும் போட்டார். டைனமோ தந்த மின்சாரம் போதாமல், பாதி வழியிலேயே பேட்டரி தீர்ந்து வெளிச்சம் மங்கியது.

"நிறுத்துங்க" என்றேன்.

"செத்த நேரத்துல வீடு வந்துரும், சும்மா இரு."

விளக்குகள் அடியோடு அணைந்தன. வண்டி மட்டும் ஓடியது. முன்னால் போன மாட்டுவண்டியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த மூங்கில் அவருடைய வலது கண்ணில் பாய்ந்தது. பின்னால் இருந்த எனக்கு ஒரு கீறல்கூட இல்லை.

ஆஸ்பத்திரியில் கண்ணை எடுத்துவிட்டார்கள். "எம்மகனை முன்னால விட்டுட்டு நீ சொகமா வந்திருக்க" என்றார் மாமியார். என் கணவர் கட்டுப்போட்ட முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

இப்போது தெரிந்தவர் யாராவது வண்டியில் கூடுதல் விளக்கு மாட்டப்போவதாகச் சொன்னால், டைனமோ எவ்வளவு தாங்கும் என்று முதலில் விசாரிக்கச் சொல்கிறேன். சிரித்தால், உள்ளேயிருந்து என் கணவரைக் கூப்பிடுகிறேன். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வரச் சொல்லித்தான் கூப்பிடுகிறேன்.