அண்ணி திறந்த வால்வு

எங்கள் ஆஸ்பத்திரியின் மொட்டைமாடி என் அண்ணியின் ராஜ்யம். அங்கே வரிசையாக நிற்கும் வளைந்த கண்ணாடிகள் வெயிலை ஒரு குழாயின்மேல் குவிக்கும். குழாயில் ஓடும் எண்ணெய் சூடேறி நீராவியை உண்டாக்கும். அந்த நீராவி டர்பைனைச் சுற்றி மின்சாரம் தரும். சூட்டில் ஒரு பங்கு சுடுதண்ணீராகக் கீழே சலவைக்கூடத்துக்கு வரும். அங்கேதான் நான் இஸ்திரி போடுகிறேன். பம்ப் மக்கர் பண்ணப்போவதைச் சத்தத்தை வைத்தே அண்ணி சொல்லிவிடுவார். எதிரே உட்கார்ந்து என் அண்ணன் பேசுவது மட்டும் அவர் காதில் விழாது.

போன மாதம் சோதனைக்கு ஓர் அதிகாரி வந்தார். மின்சாரம் நாற்பது கிலோவாட்டைத் தொடாவிட்டால் மொத்தத்தையும் கழற்றிவிடுவார்கள்; அண்ணியின் வேலையும் போய்விடும். எங்கள் மேனேஜர் மகா கெட்டிக்காரர்.

"இன்னிக்கு ஒரு நாள் சூட்டைக் கீழ விடாதீங்கம்மா. எல்லாம் கரண்டா போகட்டும்."

அண்ணி முணுமுணுத்துக்கொண்டே வால்வை மூடினார். மீட்டரில் எண் நாற்பத்திரண்டுக்கு ஏறியது. மேனேஜருக்கு வாயெல்லாம் பல்.

கீழே எங்கள் தண்ணீர் ஆறிப்போனது; ஆஸ்பத்திரித் துணியைக் கொதிக்கும் சூட்டில்தான் வெளுக்க முடியும். பழைய பாய்லரை எப்போதோ எடைக்குப் போட்டாயிற்று. வெளுத்த துணியின் கையிருப்பும் மதியத்துக்குள் தீர்ந்தது. போன் போட்டேன்.

"அண்ணி, ஆபரேஷன் தியேட்டர்ல துணி கேக்கறாங்க. ஒருத்தரை டேபிள்ல ஏத்தாம நிறுத்தி வெச்சிருக்காங்களாம்."

"தண்ணி எத்தன டிகிரி?"

"முப்பது."

 அடுத்து போனில் வால்வுச் சக்கரம் கிறீச்சிடுவதுதான் கேட்டது.

பதறிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். எண் இருபத்தெட்டுக்கு இறங்கியிருந்தது. மேனேஜர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"யார் திறந்தது?" என்றார் அதிகாரி.

"நான்தான் சார். கரண்ட் கொறஞ்சா வெளி லைன்ல வாங்கிக்கலாம். சுடுதண்ணி எந்தக் கம்பில வரும்?"

அவர் மேனேஜரிடம் திரும்பினார். "கீழ எவ்வளவு சூடு போகுது?"

மேனேஜர் விழித்தார். மூன்று வருடமாக மின்சாரத்துக்கு மட்டும்தான் மீட்டர் வைத்திருந்தோம். சூட்டை அளக்க வேண்டும் என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அண்ணி மட்டும் தடங்கலில்லாமல் சொன்னார்.

"நிமிஷத்துக்கு அம்பது லிட்டர் சார். போறப்ப எண்பத்தஞ்சு டிகிரி, திரும்பி வர்றப்ப அம்பது."

அதிகாரி இரண்டு தடவை கணக்குப் போட்டார். மின்சாரத்தைப்போல நாலு மடங்குக்கும் மேலே வந்தது.

"இத ஏம்மா இத்தன நாளா யாருக்கும் சொல்லல?"

"யாரும் கேக்கல சார்."

அவர் படிவத்தில் மின்சாரத்துக்குக் கீழே கையாலேயே ஒரு கோடு போட்டு, 'சூடு' என்று எழுதி, இரண்டையும் கூட்டிக் கையெழுத்திட்டார். இப்படி ஓர் அண்ணி எங்கள் வீட்டுக்கு வாய்த்தாரே என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அண்ணி அந்தப் படிவத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இங்க என்ன தம்பி வேடிக்க? அங்க ஒருத்தர் காத்துக்கிட்டிருக்காரு, துணியப் போடுங்க!"