ஏரிக்கு உப்புக் காணாது

அம்மா அந்தக் கம்பியைப் பிடித்த நொடியில்தான் எனக்கு உறைத்தது, எங்கள் படகில் மின்னல் இறங்கிப் போக ஒரு வழியுமில்லை என்று.

சுவிஸில், முர்த்தன் ஏரியின் நடுவில் நின்றோம். மேற்கே மலைகளுக்கு மேல் கறுத்துக்கொண்டு வந்தது. கரையிலிருந்த செம்மஞ்சள் புயல் எச்சரிக்கை விளக்கு மெதுவாகச் சிமிட்டத் தொடங்கியது. இன்னொரு சுற்றுப் போய்விட்டு நான் பாயை இறக்கி முடிப்பதற்குள் அது படபடவென்று சிமிட்டியது. முதல் இடி. சுக்கான் பிடித்திருந்த அம்மா மற்றக் கையை எட்டி நீட்டி, பாய்மர உச்சியிலிருந்து படகின் பின்புறத்துக்கு இறங்கும் உருக்குக் கம்பியை இறுக்கிப் பிடித்தார்.

இடி கேட்டால் இரும்பைத் தொடவேண்டும், அது அம்மாவின் பழக்கம். ஓஸ்டர்முண்டிகனில், எங்கள் மூன்றாம் மாடி வீட்டு அடுக்களையில், தோசைக்கல்லைத் தொட்டுக்கொண்டு நிற்பார், யாருக்கும் கெடுதலில்லை. ஆனால் ஏரி நடுவில் எங்கள் பாய்மரத்தைவிட உயரமாக ஒன்றுமே இல்லை. மின்னல் விழுந்தால் முதலில் அந்த மரத்தில்தான் விழும். அடுத்த நொடி அந்தக் கம்பியில்.

"அம்மா, கையை எடுங்கோ!"

"இரும்படி! பிடிச்சால் ஒண்டும் செய்யாது!"

"அதாலைதான் செய்யும்! விடுங்கோ!"

விட்டார். மோட்டாரைப் போட்டுக் கரைக்கு வந்து சேர்ந்தோம். இறங்கியதும், "நான் இனி வரேல்லை. நீயும் போறேல்லை," என்றார்.

அம்மா வராவிட்டால் அந்தப் படகுக்கு என்ன அர்த்தம்? அதைக் கொடுத்ததே அம்மாவோடு மருத்துவமனைச் சலவைப் பகுதியில் வேலை செய்த ஒரு சுவிஸ் பெண். ஓய்வு பெற்று மலைப்பக்கம் குடிபோகும்போது, கட்டிவைக்கும் இடத்தோடு சேர்த்து, "நீ ஓட்டு" என்று அம்மாவிடம்தான் சாவியை நீட்டினார். நான் ஃப்ரிபூர்க்கில் இயற்பியல் படிப்பவள். பாயின் மேல் காற்றின் விசையை அம்புக்குறி போட்டுப் பிரித்துக் காட்டுவேன், பிறகு படகைப் பாம்பு மாதிரி ஓட்டுவேன். அம்மா ஒரு படமும் வரைந்ததில்லை. கன்னத்தில் காற்றை வாங்கி, கண்ணை எதிர்க்கரையில் ஒரு வீட்டில் வைத்துவிட்டால், படகு கோடு கிழித்தமாதிரிப் போகும். பாரமான சலவை வண்டிகளை நீண்ட நடைபாதைகளில் தள்ளித் தள்ளி வந்த கை அது. எவ்வளவு தள்ளினால் எங்கே போய் நிற்கும் என்று அந்தக் கைக்குத் தெரியும். அந்த ஆற்றலை ஒரு இடியோடு விட்டுவிட எனக்கு மனமில்லை.

நான் ஒன்றில் இறங்கினால் விழுந்தடித்துத்தான் இறங்குவேன். ஒரு வாரம் முழுக்கப் பாய்ப்படகுக்காரர்கள் எழுதியதெல்லாம் வாசித்தேன். பாய்மரத்தின் அடியிலிருந்து தடித்த செப்புக் கம்பி ஒன்றை நேரே கீழே இறக்கி, படகின் அடியில், தண்ணீருக்குள் ஒரு செப்புத் தகட்டோடு பூட்ட வேண்டும். அவ்வளவுதானே! ஒரு சாப்பாட்டுத் தட்டளவு தகடு வாங்கிவந்தேன். பூட்டுவதற்கு என் மச்சாளைக் கூப்பிட்டேன்.

மச்சாள் அம்மாவின் அண்ணன் மகள். என் வயதுதான். நான் பல்கலைக்கழகம் போக, அவள் கூரைத் தகர வேலைக்குப் பயிற்சி எடுத்தாள். பேர்ண் நகரைச் சுற்றி எத்தனையோ வீடுகளின் இடிதாங்கி அவள் கையால் பூட்டியது. ஞாயிற்றுக்கிழமை வந்து, அடுக்களை மேசையில் கிடந்த தகட்டைத் தூக்கிப் பார்த்தாள்.

"உதென்னடி, கேக் தட்டோ?"

"நில இணைப்பு. எல்லாரும் இந்த அளவுதான் போடுகினம்."

"எல்லாரும் எண்டால் ஆர்? எங்கை ஓட்டுற ஆக்கள்?"

"கடலிலை..." என்று தொடங்கி நிறுத்தினேன்.

"கடலுக்கு எழுதினதைக் கொண்டுவந்து ஏரிக்கு ஒட்டப் பாக்கிறாய். உனக்கு யூனியிலை என்னத்தையடி படிப்பிக்கினம்?"

அவள் பையிலிருந்து மின்தடை அளக்கும் கருவியை எடுத்தாள். அவள் முன்னமே கேட்டபடி நான் போத்தலில் கொண்டுவந்திருந்த ஏரித் தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றி, இரண்டு முனைகளையும் அமிழ்த்தினாள். பெரிய எண் ஒன்று வந்து நின்றது.

"மாமி, ஒரு கரண்டி உப்புப் போடுங்கோ."

அதுவரை முகத்தைத் திருப்பிக்கொண்டு கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த அம்மா, உப்புப் போத்தலோடு வந்தார். போட்டுக் கலக்கினார். எண் சரசரவென்று கீழே விழுந்தது. அம்மா குனிந்து பார்த்தார். இன்னொரு கரண்டி போட்டார். இன்னும் விழுந்தது.

"அப்ப எங்கட ஏரிக்கு உப்புக் காணாது," என்றார்.

மூன்று ஆண்டு இயற்பியலை அம்மா ஒரு வரியில் சொல்லிவிட்டார். உப்புத் தண்ணீர் மின்னலை உடனே வாங்கிக்கொள்ளும், நல்ல தண்ணீர் தயங்கும். சின்னத் தகட்டால் வெளியேற முடியாத மின்னல் படகுக்குள்ளேயே வேறு வழி தேடிப் பாயும், பக்கத்தில் ஆள் இருந்தால் ஆளிலும். எனக்குத் தெரிந்த விஷயம்தான், தேவைப்பட்ட இடத்தில் உதவவில்லை.

"கல்லு நிலத்திலை வீடு கட்டினாலும் இதே கரைச்சல்தான்," என்றாள் மச்சாள். "அங்கை ஒரு கம்பியைக் குத்திப்போட்டு வரமாட்டம். வீட்டைச் சுத்தி நிலத்துக்குள்ளை நீளச் செப்புப் பட்டி தாப்பம். படகுக்கும் அப்பிடித்தான். தண்ணிக்குக் கீழை, ரெண்டு பக்கமும், முன்னாலையிருந்து பின்னாலை வரைக்கும். வளைவெல்லாம் மெதுவாய்ப் போகோணும். சட்டெண்டு மடிச்சால் அந்த இடத்திலை மின்னல் வெளியிலை பாய்ஞ்சிடும். செம்பும் பாய்மரத்தின்ரை அலுமினியமும் ஈரத்திலை ஒண்டையொண்டு தின்னும், அதுக்கு நடுவிலை வேற உலோகத் துண்டு வைக்கோணும்." பேசப்பேச என் குறிப்புப் புத்தகத்தைப் பறித்து, கோணலாக ஒரு படகை வரைந்தாள். ஒரு கோடுகூட வீணாக இல்லை. நான் பொறாமைப்பட்டேன்.

அம்மா வெங்காயத்தை விட்டுவிட்டார். "இவ்வளவும் செய்தால் இடி விழாதோ?"

நான் வாயைத் திறந்தேன். மச்சாள் முந்தினாள். "விழும், மாமி. விழுந்தால் போறதுக்கு வழி இருக்கும், அவ்வளவுதான்."

"நீ பூட்டின கம்பிக்குக் கீழை இடி நேரம் நிப்பியோ?"

"எனக்கென்ன விசரே? உள்ளுக்கு ஓடுவன்."

அம்மா சிரித்துவிட்டார். அந்தப் பதில் எல்லாவற்றையும் கெடுத்துவிடும் என்று நான் நினைத்திருந்தேன்.

"நீங்கள் பாய்மரத்துக்கும் கம்பிக்கும் தள்ளி, நடுவிலை இருக்கோணும்," என்றாள் மச்சாள். "கை மடியிலை."

"கையை மடியிலை வைச்சால் சுக்கானை ஆர் பிடிக்கிறது? இவளோ? நேரை போய் இறங்குதுறையிலை இடிப்பாள்."

"சுக்கானுக்கு மரக்கட்டையிலை ஒரு நீட்டுப்பிடி பூட்டித் தாறன். தள்ளியிருந்தே பிடிக்கலாம்."

அம்மா யோசித்தார். அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து அமர்ந்தார். "அப்ப ஒண்டு. விளக்கு மெதுவாய்ச் சிமிட்டேக்கையே திரும்போணும். எப்ப திரும்பிறது எண்டு நான்தான் சொல்லுவன், இவள் இல்லை."

எனக்கு 'இன்னும் கொஞ்சம்' என்ற வியாதி உண்டு. அன்றும் விளக்கைப் பார்த்தபிறகு ஒரு சுற்றுப் போகலாம் என்றது நான்தான். "ஓம்," என்றேன்.

வரும் சனிக்கிழமை அம்மாவுக்கும் மச்சாளுக்கும் விடுமுறை. காலையில் துறைமுகப் பாரந்தூக்கி படகைக் கரையில் ஏற்றும். இரண்டு பட்டிகளையும் பூட்டி, படகை மறுபடி தண்ணீரில் இறக்கி, பாய்மரத்தின் அடியிலிருந்து தண்ணீர் வரை மின்தடையை அளந்து பார்ப்போம். எண் மச்சாளுக்குப் பிடிக்காவிட்டால் பட்டியை இன்னும் அகலமாக்கி மறுபடி. பிடித்தால், வானம் தெளிவாக இருந்தால், அம்மா நீட்டுப்பிடியோடு எதிர்க்கரைவரை ஓட்டிப் பார்ப்பார். நான் பாயை மட்டும் பார்த்துக்கொள்வேன்.