சொல்லாமல் குறைத்த உப்பு

அடுத்தவர் வயிற்றுக்குச் சமைக்கிற தொழிலில், அடுப்படியைவிட அதிகம் வியர்க்கிற நேரம், திரும்பி வந்த கேரியரைத் திறக்கிற நேரம்தான். கோவில்பத்தில் எங்கள் வீட்டிலிருந்து காரைக்கால் அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு அனுப்புகிறேன். சாப்பிடுகிறவர்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை, மீதிப் பேருக்கு ரத்தக்கொதிப்பு. ருசி மட்டும் எல்லாருக்கும் வேண்டும். வீட்டில் எண்ணெயைக் குறைத்துவிட்டு, சாப்பிடுகிறவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம்ம கட்சி.

மேசை டிராயரில் ஒரு டப்பா

தனசேகரன் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். பஸ் ஏறப் போன இடத்தில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். ரத்தக்கொதிப்பு. அவர் மனைவி எனக்குப் போன் செய்து, "அவர்கிட்ட சொல்லாதீங்க, நீங்களே உப்பைக் குறைச்சிடுங்க" என்றார். குறைத்தேன். மறுநாள் சாம்பார் அப்படியே திரும்பி வந்தது. அதற்கடுத்த நாளிலிருந்து காலியாக வந்தது. விசாரித்தால், மனிதர் மேசை டிராயரில் உப்பு டப்பா வாங்கி வைத்திருக்கிறார்!

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. போடுகிற உப்பில் நாக்குக்குத் தெரிவது எவ்வளவு? பொரியல் வேகும்போது போடாமல், இறக்கியபின் மேலாகத் தூவிப் பார்த்தேன். பாதி உப்பே போதுமாக இருந்தது. சாம்பாரில் புளியைக் கொஞ்சம் தூக்கலாக விட்டு, கொத்தமல்லி விதையை வறுத்து அரைத்துச் சேர்த்தேன். சில நாளில் அவரே போன் செய்தார். குரல் ரகசியமாக இருந்தது. "என்னக்கா, கொஞ்ச நாளா என் டப்பாவைத் திறக்கவே இல்ல. மறுபடியும் உப்பை அள்ளிப் போடுறீங்களா? வீட்டுல சொல்லிடாதீங்க!"

கத்திரிக்காய் குடித்த எண்ணெய்

எண்ணெய்க் கத்திரிக்காயில் பேரிலேயே எண்ணெய் இருக்கிறது. ஊற்ற ஊற்றக் குடித்துவிட்டு இன்னும் கேட்கும். ஒரு நாள் காயை இட்லிப் பானையில் அரைவேக்காடாக அவித்துவிட்டு வதக்கினேன். முன்போல உறிஞ்சவில்லை. இறக்கும்போது மட்டும் ஒரு சின்னக் கரண்டி பச்சை நல்லெண்ணெய். விழிதியூர் கலைச்செல்வி டீச்சர் சமையலில் குறை கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர். அன்று கேரியரைத் தானே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். வாசலில் நின்றபடியே கேட்டார்: "மேல எண்ணெயே மிதக்கல, வாசனை மட்டும் ரூம் முழுக்க அடிச்சுது. எங்கங்க ஒளிச்சு வச்சீங்க?"

நெடுங்காட்டுக்காரர் கோபம்

முத்தையனுக்குப் பாங்கில் வேலை, நெடுங்காட்டில் நிலம், உடம்பில் சர்க்கரை. காலில் ஒரு புண் ஆறாமல் நின்றது. பயந்துபோய், "ஏதாவது பண்ணுங்கம்மா" என்றார். நானும் அரிசியை எடுத்துவிட்டுத் தினைச் சோறு அனுப்பினேன். மறுவாரம் சாப்பாடே வேண்டாமென்று நிறுத்திவிட்டார். போனால் போகட்டும் என்று விட முடியவில்லை. அந்தக் கால் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது.

நானே போன் செய்து, "என்ன சாப்பிட்டா உங்களுக்குச் சாப்பிட்ட மாதிரி இருக்கும்?" என்று கேட்டேன். பதிலாக வண்டியில் ஒரு மூட்டை வந்து இறங்கியது. அவர் வயல் நெல், தவிடு போகாமல் அரைத்த அரிசி. அதையே வடித்து, சோற்றைப் பாதியாக்கி, மீதி இடத்தில் கீரையும் காராமணிக் கூட்டும் வைத்தேன். சோற்று மணம் இருந்ததால் அளவைப் பற்றி அவர் பேசவில்லை. மருந்தும் இதுவும் சேர்ந்து வேலை செய்தன. ஒரு நாள் வந்து செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டினார். "ஆறிடுச்சும்மா. ஆனா ஒண்ணு, கிளிக்குப் போடுறதை இனிமே எனக்குப் போடாதீங்க."

அப்பளம்

தைரியம் வந்துவிட்டதல்லவா, அப்பளத்தைப் பொரிக்காமல் தணலில் சுட்டு அனுப்பினேன். கேரியர் ஆவியில் அது துணி மாதிரி துவண்டுபோனது. கேரியர்களைக் கொண்டுபோய்க் கொடுப்பவர் என் கணவர். எல்லா இடத்திலும் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தவர், தன் தட்டிலும் அதே அப்பளத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏம்மா, மத்தியானச் சாப்பாட்டுல மனுஷனுக்கு ஒரு சத்தமாவது வேணாமா?"

உடம்பை மட்டும் நினைத்துப் போட்டதெல்லாம் மிஞ்சியது, நாக்கையும் நினைத்துப் போட்டதற்கெல்லாம் பக்குவம் கேட்கிறார்கள்.