தொட்டியில் குறைந்த ஆறில் ஒரு பகுதி

இரண்டு குழாய்கள் ஒரு தொட்டியை நிரப்பும் கணக்கு எங்கே கண்ணில் பட்டாலும் எனக்குச் சினம் மூளும். கணக்கின் மேல் குற்றமில்லை. சினம் என் தந்தையாரின் மேல். அவர் மறைந்த பின்னும் அது ஆறவில்லை.

விளாங்குடியில் எங்கள் கொல்லைச் சுவருக்கு அப்பால் ஒரு வாடகை வீட்டில் அத்தை குடியிருந்தார். தந்தையாருக்கு ஒரே தங்கை. பாட்டனார் கட்டிய எங்கள் வீட்டில் தமக்கும் பங்கு வேண்டும் என்று அவர் கேட்ட நாள் முதல் எங்கள் வாயில் அவருக்கு அடைபட்டது. அந்தக் கோடையில் அவர் வீட்டுக் கிணறு வற்றிவிட்டது.

எங்கள் கொல்லைத் தொட்டியைத் தெருக்குழாய் தனியே ஆறு மணி நேரத்தில் நிரப்பும். ஆழ்துளைக் கிணற்று மோட்டார் மூன்று மணி நேரத்தில் நிரப்பும். ஒரு ஞாயிறன்று இரண்டும் சேர்ந்து ஓடியும் தொட்டி நிரம்ப மூன்று மணி நேரம் ஆயிற்று. மோட்டாரைப் பழுது பார்த்தவனைத் தந்தையார் வாய் ஓயாமல் வைதார்.

அவ்வாரந்தான் எட்டாம் வகுப்பில் அக்கணக்கைக் கற்றிருந்தேன். தொட்டிச் சுவரிலேயே சுண்ணக்கட்டியால் எழுதிப் பார்த்தேன். இரண்டும் சேர்ந்தால் மணிக்கு அரைத் தொட்டி நிரம்ப வேண்டும். மூன்றில் ஒரு பகுதியே நிரம்பியிருந்தது. எஞ்சிய ஆறில் ஒரு பகுதி மணிதோறும் வெளியேறுகிறது!

"மோட்டாரு நல்லாத்தேன் இருக்குப்பா. தண்ணி எங்கிட்டோ போகுது."

தந்தையார் துவைகல்லுக்குப் பின்னே குனிந்து நோக்கினார். தொட்டியின் அடிக்குழாயில் மாட்டிய ரப்பர் குழாய், சுவரின் அடியில் இருந்த துளை வழியே அப்பால் சென்றிருந்தது.

"அம்புட்டுத் தண்ணியையும் யாரக் கேட்டுடி விட்ட?" என்று தாயாரிடம் சீறினார்.

"ஒங்க தங்கச்சிக்குத்தேன். குடிக்கத் தண்ணியில்லாமக் கெடக்கா. இதுக்கு நான் யாரக் கேக்கணும்?"

சுவருக்கு அப்பால் குடத்தைத் தரையில் வைக்கும் ஓசை கேட்டது. அத்தையின் குரல் நடுக்கமின்றி வந்தது.

"வீட்டுலதேண்ணே பங்கு கேட்டேன். தண்ணிய மதினிகிட்டப் பிச்சையாத்தேன் கேட்டேன்."

தந்தையார் அரிவாளால் ரப்பர் குழாயை அறுத்தெறிந்தார். சிமெண்டைக் குழைத்துத் துளையைத் தாமே அடைத்தார், உடன்பிறந்தாள் சுவருக்கு அப்பால் நின்று கேட்டுக்கொண்டிருக்கையிலேயே. தாயார் கதவை அறைந்து சாத்திக்கொண்டு உள்ளே போனார். அன்று அடுப்பு எரியவில்லை. அம்மாதமே அத்தை சோழவந்தானுக்குக் குடிபெயர்ந்தார். அவர் முகத்தை நான் மீண்டும் கண்டதில்லை.

சிமெண்டு படிந்த கையோடு தந்தையார் என் தோளைத் தட்டினார். அதுவரை அவர் என்னைப் பாராட்டியதே இல்லை. தொட்டி விளிம்பில் அமர்ந்து நீரில் கால்களை அளைந்துகொண்டிருந்த என் தம்பியைக் கூப்பிட்டார்.

"பார்றா, ஒன் வீட்டுத் தண்ணிய ஒங்கக்கா காப்பாத்திக் குடுத்திருக்கா!"

நான் பூரித்துப் போனேன். யாருடைய வீடு என்று அவர் சொன்னார் என்பது என் செவியில் ஏறவே இல்லை.