மலையம்மாள் ஜீப்பின் தேர்தல் நிலவரம்

"உள்ள தள்ளி உக்காருங்கடி ஆத்தா! எலெக்சனுக்கு நிக்கிறவுக கணக்கா, பிடிச்ச எடத்த விடமாட்டேங்குறீக" என்று ஒவ்வொருத்தியின் முதுகிலும் கைவைத்து ஜீப்புக்குள் ஏற்றுகிறார் மலையம்மாள். கம்பத்தில் எங்கள் தெருமுனையில் இன்னும் வெளுக்கவில்லை. எல்லோரும் ஏறியபின் கடைசியாகத் தான் ஏறி, பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூரையில் இரண்டு தட்டுத் தட்டுவார். ஜீப் கம்பம்மெட்டு மலைப்பாதையைப் பார்த்துக் கிளம்பும்.

எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்து ஏலத்தோட்டம் ஒன்றுக்கு ஆள் கூட்டிப்போகும் கங்காணி அவர். வயது ஐம்பத்து நான்கு. சேலைக்கு மேல் ஆம்பளை முழுக்கைச் சட்டை. தலையில் போன தேர்தலில் ஏதோ ஒரு கட்சி கொடுத்த துண்டு. கரை தெரியாதபடி உள்ளே மடித்துக் கட்டியிருப்பார். எந்தக் கட்சி என்று நானும் ஐந்து வருடமாக எட்டிப் பார்க்கிறேன், தெரியவில்லை. தோட்டத்து மேனேஜரிடம் பேசுகிற மலையாளம் வீடு வரைக்கும் கூடவே வரும். எதைச் சொன்னாலும் "செரியாணு" என்று தலையாட்டிவிட்டு, தன் இஷ்டப்படிதான் செய்வார்.

சட்டமன்றத் தேர்தலில் எங்கள் பக்கம் யார் ஜெயிப்பார் என்பதில், டிவியில் கோட்டுப் போட்டுக்கொண்டு பேசுகிறவர்களைவிட மலையம்மாள் வாய்க்குத்தான் தெருவில் மதிப்பு. கடந்த இரண்டு தேர்தலிலும் அவர் சொன்னதுதான் நடந்தது. யாருக்கு ஓட்டு என்று அவர் யாரையும் கேட்பதில்லை. "கேட்டா பொய் சொல்லுவாக தம்பி. கேக்காம இருந்தா அவுகளே கொட்டிருவாக." ஜீப் மலை ஏறும்போது பெண்கள் ஒரு வேட்பாளரைப் பற்றிப் பேச்செடுத்தால், அந்தப் பேச்சு எத்தனை கொண்டை ஊசி வளைவு வரைக்கும் ஓடுகிறது என்று எண்ணுவார். அவ்வளவுதான் முறை. புகழ்ந்தாலும் சரி, கிழிகிழி என்று கிழித்தாலும் சரி, அவருக்கு எல்லாம் ஒன்றுதான். "திட்டுறாகன்னா ஆளு மனசுல இருக்காருன்னு அர்த்தம். பேச்சே எடுக்கலேன்னா அவரு பொழப்பு அம்புட்டுத்தேன்."

மார்ச் முதல் வார நிலவரப்படி ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டக்காரர் வேல்பாண்டி ஐந்து வளைவு. வக்கீல் ஹேமாவதியும் ஐந்து வளைவு. சுயேச்சை வினோத்ராஜ் ட்ரோன் விட்டு, பாட்டுப் போட்டு ஊரையே அதிரவைத்தவர். ஜீப்பில் முதல் வளைவு திரும்புவதற்குள் அவர் கதை முடிந்துவிட்டது. ஒருத்தி அந்த ட்ரோனைப் பற்றி ஆரம்பிக்க, பேச்சு ஏலத்துக்கு மருந்தடிக்கும் ட்ரோனுக்குப் போய்விட்டது. அதோடு வினோத்ராஜை யாரும் தேடவில்லை.

இரண்டு பேரும் சமமாக நிற்பதைப் பொறுக்காமல், வேல்பாண்டியின் தேர்தல் வேலைகளைப் பார்க்கிற ஜாஸ்பர் ஒரு சாயங்காலம் வாக்காளர் பட்டியலோடு மலையம்மாள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். ஜீப்பில் போகிற பன்னிரண்டு பெண்களின் பெயரையும் ஒவ்வொன்றாகத் தேடி டிக் அடித்தார். பிறகு மலையம்மாள் பெயரைத் தேடினார். இல்லை. "அடுத்த பக்கத்தத் திருப்பிப் பாருங்க சாரு" என்றார் மலையம்மாள். திருப்பினார். அங்கேயும் இல்லை.

நடந்தது இதுதான். பட்டியல் திருத்தத்துக்காகப் பகலில் வீடு வீடாக வந்த டீச்சருக்கு இந்தப் பெண்களின் வீடுகளில் பூட்டிய கதவுகள்தான் கிடைத்தன. மலையம்மாள்தான் முன்னின்று எல்லோர் படிவத்தையும் ஜீப்பிலேயே நிரப்ப வைத்து, கையெழுத்தும் கைநாட்டும் வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார். கொடுக்கும்போது எண்ணிப் பார்த்தார். பன்னிரண்டு, சரியாக இருந்தது. தலை எண்ணும்போது எந்தக் கங்காணியும் தன்னைச் சேர்த்து எண்ணுவதில்லை. அவருடைய படிவம் மட்டும் சமையலறையில் அரிசி டப்பா மேல் கிடந்தது.

சிரித்துத் தள்ளிவிடுவார் என்று நினைத்தேன். இல்லை. "முப்பத்தாறு வருசமா ஓட்டுப் போடுறேன் தம்பி. எங்க வீட்டுக்காரரு செத்த வருசங்கூட விடல. இப்ப நான் இந்த ஊர்லயே இல்லேன்னு ஆயிப்போச்சே" என்றார். எனக்குக் கேட்கவே கஷ்டமாக இருந்தது. மறுநாளிலிருந்து வளைவு எண்ணுவதை நிறுத்திவிட்டார். யார் வந்து நிலவரம் கேட்டாலும், "ஓட்டே இல்லாதவகிட்ட என்னத்தக் கேக்க வந்தீக?" என்று அனுப்பிவிடுவார்.

வேட்பாளர்கள் ஆடிப்போனார்கள். மூன்று நாளுக்குள் மூன்று தரப்பிலிருந்தும் ஆளுக்கொரு புதிய விண்ணப்பம் வந்து இறங்கியது. வினோத்ராஜ் அதை ட்ரோனில் அனுப்பாததுதான் மிச்சம். எல்லாவற்றையும் "செரியாணு" என்று வாங்கி வைத்துக்கொண்டு, சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு நான்காவதாக ஒன்றை எழுதச் சொல்லித் தானே கொண்டுபோய்க் கொடுத்தார்.

விண்ணப்பத்தை விசாரிக்க டீச்சர் வருகிற அன்று மலையம்மாள் மலைக்குப் போகவில்லை. பதினோரு வருடத்தில் அவர் இல்லாமல் ஜீப் போனது அன்றுதான். கதவை அகலத் திறந்துபோட்டு, காலையிலிருந்து வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார். கறிவேப்பிலை வாங்கக்கூட எழுந்திருக்கவில்லை. நான்கு மணிக்கு டீச்சர் தெருவுக்குள் நுழைந்ததுமே எழுந்து நின்று, "நாந்தேன் டீச்சர் மலையம்மா! இங்கனதேன் இருக்கேன்!" என்று குரல் கொடுத்தார். டீச்சர் சிரித்துவிட்டார்.

துணைப் பட்டியலில் பெயர் வந்துவிட்டதாக ஜாஸ்பர் செல்போனில் காட்டினார். "போனுல எதத்தேன் காட்ட மாட்டீக?" என்று மலையம்மாள் நம்பவில்லை. அவரைப் பொறுத்தவரை வாக்குப்பதிவு நாள் வரைக்கும் அது முடியாத விவகாரம்தான்.

அன்று பன்னிரண்டு பேரையும் வரிசையில் முன்னே விட்டு, கடைசியில் நின்றார். அவருக்கு நேராக, ஆண்கள் வரிசையில் நான். உள்ளே அலுவலர் பட்டியலில் ஸ்கேலை நகர்த்தி, பெஞ்சில் இருந்த கட்சி ஏஜெண்டுகளுக்குக் கேட்கும்படி உரக்க வாசித்தார்: "எழுநூத்துப் பதினொண்ணு, மலையம்மாள்." மை வைக்கிற பெண் விரலைக் கேட்டாள். மலையம்மாள் கொடுக்கவில்லை.

"சாரு, இன்னொருக்கா வாசிங்க."

"ஏம்மா, பேரு தப்பா இருக்கா?"

"சரியாத்தேன் இருக்கு. சும்மா வாசிங்க."

அலுவலர் ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு முன்பைவிடச் சத்தமாகவே வாசித்தார். மலையம்மாள் முகமெல்லாம் சிரிப்பாக, இடது கை விரலை நீட்டினார்.