அத்திம்பேர் பார்த்து வாங்கிய ஜன்னல் ஃபேன்

என் கணவருடைய அக்காவின் புருஷரை நாங்கள் அத்திம்பேர் என்று கூப்பிடுவோம். சென்னையில் ஏதோ கம்பெனியில் குமாஸ்தா. ஆனால் சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வாசற்படியை மிதித்துவிட்டால் இன்ஜினியர், டாக்டர், ஜோசியர் எல்லாம் அவர்தான். எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கத்திரி வெயில். மேற்குப் பார்த்த எங்கள் மாடி அறையில் சீலிங் ஃபேன் சூட்டைத்தான் சுற்றிச் சுற்றிக் கலக்கிக்கொண்டிருந்தது. கருடசேவைக்கு உறவுக்காரர்கள் வந்து இறங்குவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும். ஏ.சி.க்கு வசதியில்லை. ஏர் கூலரில் ஊற்றத் தண்ணீர் இல்லை. தெரு ஜன்னலில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டி, வெயில் தாழ்ந்ததும் உள்ளே இருக்கிற சூட்டை வெளியே தள்ளினால், கொல்லைப் பக்கத்துக் காற்று தானே உள்ளே வரும் என்றேன்.

"அடுப்படிப் புகையை விரட்டற ஃபேனை யாராவது படுக்கற ரூம்ல மாட்டுவாளா?" என்று, அப்போது ஊரிலிருந்து வந்திருந்த அத்திம்பேர் சிரித்தார். என் கணவரும் சேர்ந்து சிரித்தார். ஜன்னல் ஃபேன் என்றால் வெளிக்காற்றை உள்ளே இழுக்க வேண்டும் என்று சொல்லி, அத்திம்பேரே எங்களைக் கடைக்கு அழைத்துப் போனார்.

கடைக்காரர் ஒரு சின்ன ஃபேனைக் காட்டி, "உங்க ரூமுக்கு இதுவே போதும் சார், சத்தமும் கம்மியா இருக்குது" என்றார். அத்திம்பேர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடையிலேயே பெரிதாக இருந்த இரும்பு ஃபேனைத் தட்டிப் பார்த்து எடுத்துக்கொண்டார். தெருக் காற்று உள்ளே வரும்படி மாட்டச் சொன்னார்.

மறுநாள் உச்சிவேளையில் தார் ரோட்டு அனல் முழுதும் எங்கள் அறைக்குள் வந்தது. எதிர்வீட்டில் சாயம் போடுவதற்கு முன்னால் பட்டு நூலை சோப்பும் சோடாவும் போட்டு அவிப்பார்கள். அந்த நாற்றமும் கூடவே வந்தது. அத்திம்பேர் மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு ஃபேனுக்கு நேரே உட்கார்ந்திருந்தார்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"காத்து பிரமாதம். வாடை பழகிடும்."

அவருக்குப் பழகவில்லை. சாப்பாட்டை அளைந்துவிட்டு எழுந்தார். அவசர வேலை என்று அன்றைக்கே பஸ் ஏறினார்.

நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

"அத்திம்பேர் என்ன நினைச்சுப்பார்?" என்றார் என் கணவர்.

"நினைச்சுக்கட்டும். நீங்க ஸ்டூலைப் பிடிங்கோ."

ஃபேனைக் கழற்றித் திருப்பி மாட்டினேன். பொழுது சாய்ந்ததும் கொல்லை ஜன்னலைத் திறந்து சுவிட்சைப் போட்டேன். தறி ஓடுகிற மாதிரி சத்தம். ஆனால் கொஞ்ச நேரத்தில் கொல்லை ஜன்னல் திரை உப்பிக்கொண்டு உள்ளே வந்தது. முதுகில் வேர்வை அடங்கியது.

கருடசேவை அன்று மாடிக்கு வந்த உறவுக்காரர்கள், "ரூம் ஜில்லுனு இருக்கே!" என்றார்கள்.

"நான் பார்த்து வாங்கினது" என்றார், சேவைக்கு மறுபடி வந்திருந்த அத்திம்பேர். கூசாமல் ஃபேனைக் காட்டி, சூடான காற்று வெளியே போனால் குளிர்ந்த காற்று உள்ளே வரும் என்று விளக்கினார்.

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் மைசூர்பாகு தட்டை எடுத்து, "இன்னும் ஒண்ணு எடுத்துக்கோங்கோ அத்திம்பேர்" என்றார். அதன்பிறகு எனக்கு அத்திம்பேர்மேல் கோபம் பாதியாகக் குறைந்துவிட்டது. அந்தப் பாதி எங்கே போயிற்று என்று என் கணவருக்கு இன்றுவரை தெரியாது.